கை மட்டும் போதும்: ‘மல்லன்’ கிளாஸ் உருவான விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை ஆடும் எங்கள் காரைக்குடி மேசையில் விளையாடும் தம்பி ஒருவர், தை மாதம் வந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் மாடு பிடிக்க இறங்குகிறவர். புதுக் கதை தொடங்கும்போது அவர் கேட்டது இதுதான்: “அண்ணே, எனக்கு வாளும் வேணாம், மந்திரமும் வேணாம். வெறுங்கையோட நின்னு ஜெயிக்கிற ஆளு வேணும்.” கேட்க எளிதாக இருந்தாலும், மாயாஜால உலக ரோல்பிளேயிங் விளையாட்டு வடிவமைப்பில் இதைவிடச் சிக்கலான கோரிக்கை குறைவு. அதற்கு விடையாக நாங்கள் செய்த கிளாஸ், அதாவது கதாபாத்திர வகைதான் ‘மல்லன்’. என்ன யோசித்தோம், எதை வைத்துக்கொண்டோம், எதை விட்டோம் என்பதைத் தங்கள் மேசையிலும் இதை முயல நினைக்கிறவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை ஒட்டி. அதன் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1 ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் அதன்மேல் கட்டலாம், மூலத்தைச் சொன்னால் போதும். கதை நடக்கும் ஊர் மட்டும் நம்ம ஊர்ச் சாயலில் ஒரு வணிகர் நகரம். தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். விருந்தாளி ஆயுதத்தை முகப்பிலேயே வைத்துவிட்டுத்தான் வளவுக்குள் வர வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். வெறுங்கைக்காரனுக்கு வேலை கொடுக்கவே அந்த வழக்கத்தைக் கதைக்குள் வைத்தேன்.

விதிகளில் வெறுங்கையின் நிலை

இந்த விளையாட்டில் வெறுங்கை வீரர் என்றாலே ‘மாங்க்’ கிளாஸ்தான். 1975 இல் பிளாக்மூர் துணைநூலில் வந்தது முதல் அதற்கு ஒரே சாயல்: துறவு, தியானம், உடலுக்குள் ஓடும் மறைவான சக்தி. ஐந்தாம் பதிப்பில் அந்தச் சக்திக்கு ‘கி’ என்று பெயர் வைத்து, இரண்டாம் லெவலிலிருந்து புள்ளிகளாகச் செலவழிக்க விட்டார்கள். ஆறாம் லெவலில் மாங்கின் குத்தே மந்திரத் தாக்குதலாகக் கணக்காகிவிடும். நல்ல கிளாஸ்தான். ஆனால் தம்பி கேட்ட ஆள் இவர் இல்லை.

மாங்க் வேண்டாம் என்றால் மிஞ்சுவது என்ன? பயிற்சி இல்லாதவர் குத்தினால் டேமேஜ், அதாவது எதிராளிக்கு ஏற்படும் சேதம் 1, அதோடு உடல்வலிமைக் கூட்டல். அவ்வளவுதான். 2020 இல் வந்த வெறுங்கைச் சண்டைப் பாணியை எடுத்துக்கொண்டால், இரண்டு கையும் காலியாக இருக்கும்போது அந்த 1 க்குப் பதில் எட்டு முகப் பகடை கிடைக்கிறது. முறைக்கு இரண்டு அடி கிடைக்கும் ஐந்தாம் லெவலில், வலிமைக் கூட்டல் 4 உள்ள வீரர் இரண்டு குத்தும் பட்டால் சராசரியாக 17 டேமேஜ் கொடுப்பார். அதே வீரர் கையில் பெரிய வாள் இருந்தால் 22. போகட்டும், ஐந்துதானே என்று விட்டுவிடலாம். ஆனால் எதிரே ஓநாய் மனிதன் வந்தால்? வெள்ளி பூசாத, மந்திரம் ஏறாத எந்த அடியும் அதன்மேல் பலிக்காது. பதினேழும் பூஜ்யமாகிவிடும்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பில் 2014 இல் ‘பிராலர்’ என்று மந்திரம் கலக்காத ஒரு கிளாஸ் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு மாங்கில் கி வேண்டுமா வேண்டாமா என்பதை ஆடுபவரே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டையும் படித்தோம், பயன்பட்டன. ஆனாலும் நாங்கள் தேடிய விடை அங்கே முழுதாக இல்லை. காரணம், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: குத்தை எப்படி வாளுக்குச் சமமாக்குவது? என் பார்வையில் அந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. குத்தின் பகடையை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ‘மனிதக் கை எப்படி இவ்வளவு அடிக்கும்’ என்ற சந்தேகம் வரும். அதற்கு விடை சொல்ல மறுபடியும் மறைசக்தியைத்தான் கூப்பிட வேண்டும். சுற்றிச் சுற்றி மாங்க்கிடமே வந்து நிற்போம்.

கையால் முடிந்தது, வாளால் முடியாதது

வாள் வெட்டும், குத்தும், தடுக்கும். பிடிக்காது. மல்லனை முழுக்க முழுக்க இந்த ஒன்றின் மேல்தான் கட்டியிருக்கிறோம்.

நம் இலக்கியத்திலேயே இதற்குத் தெளிவான சாட்சி உண்டு. புறநானூற்றின் 80 ஆம் பாட்டில், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடுகிறார். அரசன் இடிபோல் குத்தினான் என்றெல்லாம் புலவர் சொல்லவில்லை. ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட்டிருக்கிறது, மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தை விலக்கி முதுகுப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கால்கள் இருக்கும் இடத்தைத்தான் சொல்கிறார். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எதிராளியின் உடல் இரு முனையும் முறிய மோதுகிறான் அரசன். தெய்வ வரம் கிடையாது, மந்திரம் கிடையாது, எடையும் இடமும் மட்டும். இரண்டாயிரம் ஆண்டு வயதுள்ள அந்தக் காட்சியை இன்றைய மல்யுத்தப் பயிற்சியாளரிடம் காட்டினாலும் எந்தப் பிடி என்று புரிந்துகொள்வார்.

மேற்கிலும் இதே கதைதான். இத்தாலிய வாள்வித்தை ஆசான் பியோரே 1400களின் தொடக்கத்தில் எழுதிய போர்க்கலை ஏட்டில், வாளுக்கும் ஈட்டிக்கும் முன்னால் மற்பிடிதான் வருகிறது. கவசம் பூண்ட ஆளை வெட்டி வீழ்த்துவது கடினம், கீழே தள்ளி அமுக்குவது நடக்கும்.

ஆக, மல்லனின் குத்துக்கு எட்டு முகப் பகடை. முதல் லெவலிலும் அதுதான், இருபதாம் லெவலிலும் அதுதான். வளர்வது பிடி மட்டுமே.

மூன்று படி

அசல் விதியில் பிடி என்பது ஒரே நிலை. இருவரும் இருபது முகப் பகடை உருட்டி அவரவர் கூட்டலைச் சேர்ப்பார்கள். பிடிப்பவருக்கு அது அத்லெடிக்ஸ், அதாவது உடல்திறன் கூட்டல். அந்தப் பகடையில் அவர் ஜெயித்தால் எதிராளியின் நகர்வு பூஜ்யம். அதற்குமேல் அவர் வாளை வீசலாம், மந்திரம் சொல்லலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மல்லனுக்கு அதை மூன்று படியாகப் பிரித்தோம். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பதிலாகவும் ஒரு படி ஏற முயலலாம். எதிராளி தன் முறையில் ஒரு செயலைச் செலவழித்து, பகடையில் ஜெயித்தால் ஒரு படி இறக்கலாம்.

முதல் படி கைப்பிடி. நகர்வு பூஜ்யம், வழக்கமான விதி.

இரண்டாம் படி இடுப்புப்பிடி. உடல் உடலோடு ஒட்டிவிட்டது. இரண்டு கை வேண்டிய ஆயுதத்தைப் பிடிபட்டவர் வீச முடியாது, அடுத்தவர் முறையில் பதிலுக்குச் செய்யும் எதிர்வினைச் செயலும் கிடையாது. பிடிபட்டவரின் உடல் இடையில் இருப்பதால் மற்றவர்கள் மல்லன் மேல் அம்பு விட்டால் அரை மறைவு, அதாவது அடி படுவதற்கு எட்ட வேண்டிய காப்பு எண்ணில் 2 கூடும்.

மூன்றாம் படி கிடைப்பிடி. எதிராளி தரையில், மல்லனின் எடை மேலே. புறநானூற்றுக் காட்சி இதுதான். பிடிபட்டவர் எழ முடியாது, அவர் அடிக்கும் அடியெல்லாம் பாதகத்தோடு (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), பக்கத்தில் நின்று அவரை அடிப்பவர்களுக்குச் சாதகம் (இரண்டில் கூடியதை எடுப்பது).

மல்லனுக்குச் செலவழிக்கப் புள்ளிகள் எதுவும் கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ‘நாளுக்கு இத்தனை தடவை’ என்ற வரம்பும் இல்லை. எந்தப் படியில் நிற்கிறாரோ அதுதான் அவருடைய சொத்து. அதை அந்தச் சண்டையிலேயே சம்பாதிக்க வேண்டும், அங்கேயே இழக்கவும் நேரும். மேசையில் இது சிக்கலாகிவிடுமோ என்ற பயம் இருந்தது. ஒரு சீட்டில் மூன்று வட்டம் போட்டு, பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியமுத்து ஒன்றை எடுத்து நகர்த்தத் தொடங்கினோம். எந்தப் படி என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லாமல் போயிற்று.

இந்தப் படிகளின் உண்மையான பலன் மந்திரவாதிகளுக்கு எதிராகத் தெரியும். இந்த விளையாட்டில் பல மந்திரங்களுக்குக் கைச்சைகை வேண்டும், பலவற்றுக்கு வாய்ச்சொல் வேண்டும். வெறும் கைப்பிடியில் இரண்டும் தடைபடாது. இடுப்புப்பிடியில் கைகள் மடங்கிவிடுகின்றன, கைச்சைகை மந்திரங்கள் நின்றுவிடும். ஆனால் முப்பது அடி தூரம் நொடியில் மறைந்து தோன்றும் மந்திரத்துக்கு வாய்ச்சொல் மட்டுமே போதும். இரண்டாம் படியில் இருக்கும் மந்திரவாதி அதைச் சொல்லித் தப்பிவிடுவார். அந்த ஓட்டையை அடைக்கவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். மல்லன் மூன்றாம் படிக்கு ஏறுவதற்குள் மந்திரவாதிக்கு அந்த வார்த்தை நினைவுக்கு வருகிறதா என்பதுதான் சண்டையின் சுவையே.

மூன்றாம் படியில் கழுத்துப்பிடி உண்டு. இதற்கு அசல் விதி ஒத்துவரவே இல்லை. மூச்சுத் திணறல் விதிப்படி, உடலுறுதிக் கூட்டல் 2 உள்ளவர் 3 நிமிடம் மூச்சடக்கலாம். எல்லோரும் தங்கள் முறையை ஒரு தடவை ஆடி முடிக்கும் ஒரு ரவுண்டு 6 விநாடி என்பதால் அது 30 ரவுண்டு. எந்தச் சண்டையும் அவ்வளவு நேரம் நடக்காது. நிஜத்தில் மல்லர்கள் போடும் கழுத்துப்பிடி மூச்சுக்குழாயை அடைப்பது இல்லை. கழுத்தின் இரு பக்கமும் உள்ள ரத்தக்குழாயை அழுத்துவது. சரியாக விழுந்தால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பும். அதனால் இரண்டு ரவுண்டு என்று வைத்தோம். முதல் ரவுண்டில் வாய்ச்சொல் நிற்கும். அடுத்த ரவுண்டின் முடிவிலும் பிடி இருந்தால், உடலுறுதிச் சோதனையில் தோற்பவர் மயங்குவார். ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி எவ்வளவு மிச்சம் என்பது இதில் கணக்கே இல்லை. ஓநாய் மனிதனுக்கும் கழுத்து இருக்கிறது, அதில் ரத்தம் ஓடுகிறது. வெள்ளி தேவைப்படவில்லை.

வர்மம் ஏன் வைக்கவில்லை

தமிழில் வெறுங்கை வீரர் என்றதும் மேசையில் இருந்த எல்லோரும் வர்மத்தைத்தான் சொன்னார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 புள்ளிகள் என்ற கணக்கே ஒரு விளையாட்டு அட்டவணைபோலத் தயாராக இருக்கிறது. நானும் நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு இரண்டு காரணம்.

ஒன்று, கதை உலகில் வர்மம் நுழைந்த மறுநொடி ‘தொட்டால் விழுவான்’ என்றாகிவிடும். எங்கே தொட்டான், ஏன் விழுந்தான் என்று ஆடுபவரால் சொல்ல முடியாது. கி என்ற பெயரைத் தூக்கிவிட்டு வர்மம் என்று ஒட்டினால் கிளாஸ் மாறிவிடாது. இரண்டாவது, வர்மம் இன்றும் சித்த மருத்துவத்தில் வாழும் ஒரு மரபு. ஆசானிடம் இருந்து கற்று, நோய் தீர்க்கப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பகடை உருட்டிக் கொல்லும் வித்தையாகச் சுருக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது வர்மத்தை மருத்துவக் கிளாஸாக வடிவமைத்தால் முதல் ஆளாக வந்து ஆடுவேன்.

குத்துவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டோம். சிலம்பம் பழகுகிறவர்கள் கம்பில்லாமல் செய்யும் அந்தக் கை, கால் வரிசைகளில் மறைபொருள் எதுவும் இல்லை. காலடி எடுத்து வைக்கும் முறையே பாதி வித்தை. அதிலிருந்து மல்லனுக்கு ஒரே ஒரு திறன்: குத்து பட்டால், அதே முறையில் அடுத்து போடும் பிடிக்குச் சாதகம்.

திமில்பிடி

இனி எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. மனித அளவுள்ளவர் தன்னைவிட ஒரு அளவு பெரிய உயிரைத்தான் பிடிக்கலாம் என்கிறது அசல் விதி. ஒரு அளவு மட்டுமே பெரிய ஓகர் என்ற அரக்கன் வரை சரி. மலை அரக்கன் இரண்டு அளவு பெரியது. அங்கே பிடியையே நம்பி வந்த மல்லன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதைப் படித்ததும் தம்பி சிரித்துவிட்டார். “மாடு என்னைவிட எவ்வளவு பெருசு? நான் அதை நிறுத்தவா போறேன்? கூடப் போறேன், அவ்வளவுதான்” என்றார். எழுந்து நின்று செய்தும் காட்டினார். கொம்புக்கு நேரே நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நுழைந்து திமிலைக் கையால் அணைக்க வேண்டும். நெஞ்சு மாட்டின் உடம்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும், நடுவில் காற்று புகக் கூடாது. இடைவெளி இருந்தால் மாடு சுற்றும் வேகத்தில் ஆளை எறிந்துவிடும். கால் தரையில் ஊன்றாமல், மாடு போகும் போக்கில் தொட்டுத் தொட்டு ஓட வேண்டும். கை நழுவுகிறது என்று தெரிந்தால் உடனே விட்டுவிட்டுக் குப்புறப் படுத்துவிட வேண்டும்.

ஜல்லிக்கட்டு விதியில் மூன்று துள்ளல், அல்லது 15 மீட்டர், அல்லது 30 விநாடி திமிலை விடாமல் பிடித்தால் வெற்றி. அதில் மூன்று துள்ளலை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

விதி இப்படி: இரண்டு அளவோ அதற்கு மேலோ பெரிய உயிரை மல்லன் பிடித்தால் அதன் நகர்வு நிற்காது, மல்லனும் அதோடு போவார். அந்த உயிர் தன் முறையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தன் செயலைச் செலவழித்து உதறலாம், அது ஒரு துள்ளல். உதறாமல் மற்றவர்களை அடிக்கலாம், ஆனால் தொங்கும் ஆளின் எடையால் எல்லா அடியும் பாதகத்தோடு விழும். மூன்று துள்ளலைத் தாங்கிவிட்டால் அந்த உயிர் தளர்ந்துவிடும்: சண்டை முடியும்வரை பாதி வேகம், முறைக்கு ஒரே அடி. நடுவில் பிடி விட்டால் மல்லன் பத்தடி தள்ளி விழுவார், எழ வேண்டும், மறுபடி நெருங்க வேண்டும்.

அரக்கன் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒன்றை இழக்கிறது என்பதுதான் இதன் உயிர். மலை அரக்கன் முறைக்கு இரண்டு அடி, ஒவ்வொன்றும் சராசரி 18 டேமேஜ். உதறும் ரவுண்டில் அந்த 36 மேசையில் யார் தலையிலும் விழாது.

எங்கள் மேசையில் புள்ளியியல் படிக்கும் தங்கை ஒருவர் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஐந்தாம் லெவல் மல்லனுக்கு அத்லெடிக்ஸ் தேர்ச்சி இரட்டிப்பு, ஆக கூட்டல் 10. மலை அரக்கனுக்குக் கூட்டல் 5. முதலில் பிடி விழ வாய்ப்பு 70 சதவீதம். பிடித்த பிறகு சமநிலை வந்தால் பிடி நிலைக்கும் என்பதால், ஒரு துள்ளலைத் தாங்க ஏறத்தாழ 74 சதவீதம். மூன்றையும் தொடர்ந்து தாங்க 40 சதவீதம். “இது குறைச்சல்ணே, இவ்வளவு பாடுபட்டுப் பாதிக்கு மேல தோத்தா யாரும் இன்னொரு தடவை முயல மாட்டாங்க” என்றார் தங்கை.

அவர் சொன்னது சரி. ஆனால் கூட்டலை ஏற்றவில்லை. மாட்டை நீளக் கயிற்றில் கட்டி நடத்தும் வடமஞ்சுவிரட்டில் ஒரு மாட்டுக்கு ஒன்பது பேர் குழுவாக இறங்குகிறார்கள். ஒருவர் வாலருகே போக்குக் காட்டி மாட்டைத் திருப்ப, இன்னொருவர் உள்ளே நுழைவார். அதைப் பார்த்து ஒரு வரி சேர்த்தோம்: முந்தைய முறையிலிருந்து கூட்டாளி யாராவது அந்த உயிரை அடித்திருந்தால், அடுத்த துள்ளலில் மல்லனுக்குச் சாதகம். இப்போது ஒரு துள்ளலுக்கு 87 சதவீதம், மூன்றுக்கும் சேர்த்து 67 சதவீதம் அளவில் வந்து நின்றது. தனியாகப் போனால் ஐந்தில் இரண்டு, கூட்டாகப் போனால் மூன்றில் இரண்டு. இதுதான் எங்களுக்கு வேண்டிய விகிதம்.

சந்தைத் தெருவில் அரக்கன் நுழைந்த ஆட்டத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முதல் துள்ளல்: மல்லனுக்கு 9, கூட்டினால் 19. அரக்கனுக்கு 13, கூட்டினால் 18. ஒரே எண்ணில் தப்பினார். அடுத்ததில் முதல் பகடை 4 விழுந்ததும் மேசை அமைதியாகிவிட்டது. வில்லாளியின் அம்பு அதற்கு முன் பட்டிருந்ததால் இரண்டாம் பகடை உண்டு, அது 16. அரக்கனின் 22 க்கு எதிராக 26. மூன்றாவதில் இருவருக்கும் 22. சமநிலை, பிடி நிலைத்தது. தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த இடத்தில் அரக்கனுக்கு ஒரு சின்னக் காயம்கூட மல்லன் கையால் ஏற்படவில்லை. ஆனால் அந்தச் சண்டை யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

டேமேஜ் குறைவதற்கு ஈடு

வாள்வீரரைவிட மல்லன் குறைவாக அடிக்கிறார். அது போதுமா? பத்தில் ஆறு அடி படும் என்று வைத்தால், பெரிய வாள்காரர் ரவுண்டுக்கு 13.2, மல்லன் 10.2. ஆனால் கிடைப்பிடியில் ஒருவரை வைத்திருக்கும்போது பக்கத்தில் நிற்கும் வாள்காரருக்குச் சாதகம் கிடைக்கிறது. 60 சதவீதம் 84 ஆகிறது, அவருடைய சராசரி 18.5 க்கு ஏறுகிறது. மல்லன் இழந்த 3 க்கு எதிராகக் கூட்டாளிக்கு 5.3 வரவு. பிடி போடச் செலவான முதல் ரவுண்டை இது மெல்ல ஈடுகட்டிவிடும். இரண்டு கூட்டாளி இருந்தால் லாபம்தான்.

காப்புக்கு லேசான, நடுத்தரக் கவசங்கள் அணியலாம். மாங்க்போல மன ஒருமையால் அடி விலகிப் போவதெல்லாம் இல்லை. அடி வாங்கப் பிறந்த ஆள் என்பதால் ஹிட் பாயிண்டுக்கு மட்டும் பார்பேரியன் கிளாஸின் பன்னிரு முகப் பகடை.

தீராத இடங்கள்

பறக்கும் எதிரிகளில் பாதிச் சிக்கல் தானாகத் தீர்ந்தது. நகர்வு பூஜ்யமானால் மிதக்கும் ஆற்றல் இல்லாத பறவையோ டிராகனோ கீழே விழும் என்பது அசல் விதியிலேயே இருக்கிறது. இளம் டிராகன் மனிதனைவிட ஒரு அளவுதான் பெரியது. அதன் கழுத்தில் கைப்பிடி விழுந்தால் இருவரும் சேர்ந்தே தரைக்கு வருவார்கள். வளர்ந்த டிராகனுக்குத் திமில்பிடி. ஆனால் அதன் முதுகு வரை போய்ச் சேர்வது எப்படி என்பதற்குக் கூரையோ, மரமோ, கயிறோதான் வழி. வணிகர் நகரத்தில் கூரைகளுக்குக் குறைவில்லை. பொட்டல்காட்டில் நடக்கும் கதைக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

கூட்டமாக வரும் சிறு எதிரிகளிடம் மல்லன் திணறுகிறார். ஒருவரைப் பிடித்தால் ஐந்து பேர் மிச்சம். இதைச் சரிசெய்ய நான் விரும்பவில்லை. அது தீப்பந்து வீசும் மந்திரவாதியின் வேலை, அவருக்கும் மேசையில் ஒரு இடம் வேண்டும்.

பேய் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. உருவமற்ற பேயைப் பிடிக்க முடியாது, விதியும் அப்படியே சொல்கிறது. குத்தினாலும் பாதிதான் ஏறும். பேய் வந்தால் மல்லனும் மற்றவர்கள்போல மந்திரம் ஏறிய ஆயுதத்தை எடுக்கட்டும் என்பது என் கட்சி. தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. கையில் வேறு எதையும் எடுக்க மாட்டேன் என்கிறார். கோயிலில் மந்திரித்த காப்பைக் கையில் போட்டுக்கொண்டால் அந்த ஒரு கை மட்டும் பேயைப் பிடிக்கும் என்று தங்கை ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். காப்பின் விலை, அது எத்தனை சண்டைக்குத் தாங்கும், ஒற்றைக் கையால் எந்தப் படி வரை ஏறலாம் என்பதை இப்போது ஆடிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை பார்த்ததில் இரண்டாம் படியோடு நிறுத்துவதுதான் சரியாகப் படுகிறது.